சரசு தைத்த ஜாக்கெட்

ஜாக்கெட் தைத்துப் பிழைப்பவளுக்கு அவசரத் துணியைக்கூடச் சமாளித்துவிடலாம். அளவுக்கென்று வாடிக்கையாளர் கொண்டுவரும் ஜாக்கெட் எதிர்க்கடையில் தைத்ததாக இருந்தால்தான் தாங்காது. டேப்பைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரியும் சகோதரிகளே, உங்களுக்குத் தெரியாததா?

அளவு ஜாக்கெட்

காரைக்குடியில் கல்லுக்கட்டிப் பக்கம் என் கடை. நேர் எதிரே சரசு கடை. வள்ளியம்மை ஆச்சி காலமெல்லாம் சரசுவிடம் தைத்தவர். சரசு தன் மகள் பிரசவத்துக்காகக் கடையைப் பூட்டிவிட்டுப் போன சமயத்தில்தான் ஆச்சி என் படியேறினார். துணியோடு ஒரு பழைய ஜாக்கெட்டையும் நீட்டினார். உள்பக்கம் புரட்டிப் பார்த்தேன். குறை சொல்ல ஓர் இழை கிடைக்கவில்லை. வயிறு எரிந்தது.

நானே அளவெடுத்துத் தைக்கிறேனே என்று சொல்லிப் பார்த்தேன். ஆச்சி மசியவில்லை. "அளவெல்லாம் எதுக்கு? சரசு கை மாதிரி வந்தாப் போதும்."

கொக்கி

ஆச்சி பெரிய வீட்டில் தனியாக இருப்பவர். மகள் சென்னையில். கொஞ்ச நாளாக ஆச்சிக்கு மறதி. பாலை அடுப்பில் வைத்துவிட்டு மறப்பது போக, இப்போது ஜாக்கெட் கொக்கியிலும் குழப்பம். ஒன்று மாறினால் எல்லாம் மாறிப்போகும், பாதியில் நின்றுவிடுவார். ஒருநாள் அப்படியே கோணலாகக் கோயிலுக்குப் போய்விட்டார். பார்த்த யாரோ சென்னைக்குப் போன் போட்டுவிட்டார்கள். உடுத்திக்கொள்ளவே முடியாதபோது தனியாக எதற்கு, வந்து அழைத்துப் போகிறேன் என்று மகள் சொல்லிவிட்டாள்.

என் ஸ்டூலில் உட்கார்ந்து இதையெல்லாம் ஆச்சி மெல்லச் சொன்னார். "அங்க எனக்கு ஒரு குறையும் வராது. கதவத் தொறந்து தெருவுக்குப் போக மட்டும் ஒருத்தரக் கேக்கணும்."

கலர் நூல்

யோசித்து ஒரு வேலை செய்தேன். ஒவ்வொரு கொக்கிக்கும் அது மாட்டும் வளையத்துக்கும் ஒரே கலர் நூல். சிவப்புக்குச் சிவப்பு, பச்சைக்குப் பச்சை. உள்பக்கம் எது என்று தெரிய, பின்கழுத்தில் ஒரு துண்டு ரிப்பன். ஆச்சி திரைக்குப் பின்னால் போய்ப் போட்டுப் பார்த்தார். ஒரு கொக்கி பிசகாமல் வெளியே வந்து, கண்ணாடி முன்னால் நிமிர்ந்து நின்றார். சரசுவுக்கு இது தோன்றியிருக்குமா என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தப் பெருமை ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. ஆச்சியின் பக்கத்து வீட்டம்மா கையில் துணிப் பையோடு வந்தார். எனக்குத்தான் என்று எழுந்து நின்றேன். "எதுத்த கடை எப்பத் தொறப்பாக? ஆச்சிக்குக் கலர் நூல் போட்டுத் தச்சுக் குடுத்தது சரசுதானாமே."

மகள் வந்தாள்

மகளை ஆச்சி நேராக என் கடைக்குத்தான் கூட்டிவந்தார். கால் என் கடைக்கு வருகிறது, வாய் மட்டும் சரசு என்கிறது. மகள் ஊரிலிருந்து வந்ததிலிருந்தே அம்மாவை ஏதாவது கேட்டுச் சோதித்துக்கொண்டே இருந்தாள் போல. கலர் நூல் யோசனை நன்றாக இருக்கிறதே, யார் தைத்தது என்று கேட்டாள். ஆச்சி யோசிக்காமல் சரசு என்றார். மகளின் பார்வை என் மேஜைமேல் கிடந்த சிவப்பு, பச்சை நூல்கண்டுகளில் நின்றது. நீங்கள் தைத்ததல்லவா என்று என்னைக் கேட்டாள்.

நான்தான் என்று சொல்ல நாக்கு துடித்தது. சொன்னால், தைத்தது யார் என்பதைக்கூட ஆச்சி மறந்துவிட்டார் என்று அன்றைக்கே அவருக்கும் சென்னைக்கு டிக்கெட் போட்டுவிடுவாள். ஆச்சியோ முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டு என் வாயையே பார்த்தார். சரசுதான் தைத்தாள், அவளைத் தவிர வேறு யாருக்கு இது வரும் என்றேன். மகள் அம்மாவின் தோளைத் தொட்டாள். "சரி ஆத்தா, இப்போதைக்கு இங்கயே இருங்க. காலையும் சாயங்காலமும் போன் பண்றேன், எடுக்கணும்."

மறுபடியும் அளவு

போன வாரம் சரசு கடையைத் திறந்துவிட்டாள். இனி ஆச்சி அங்கேதான் என்று நினைத்தேன். ஆனால் கதவைத் தானே திறந்துகொண்டு, தெருவில் தனியாக நடந்து, என் கடைக்கே வந்தார். புதுத் துணி, கூடவே அளவு ஜாக்கெட். புரட்டினேன். சிவப்பு, பச்சை, மஞ்சள், பின்கழுத்தில் ரிப்பன். "இது சரசு தச்சது. ஒனக்கு இந்த அளவுக்கு வராட்டியும் பரவாயில்ல, பாத்துத் தையி."

எதிர்க்கடைத் தையலைப் பார்த்து வயிறெரிந்தவர்கள் உங்களில் எத்தனையோ பேர் இருப்பீர்கள். தன் தையலைப் பார்த்தே வயிறெரிந்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.