ஆமென் வரை தாங்கும் சூடு

வலது கைச் சட்டையை நான்கு மடிப்பாக முழங்கைக்கு மேலே ஏற்றிவிட்டு, அடுப்பின் வாய்க்குள் கையை நீட்டுகிறார் அல்போன்ஸ். உதடு அசைகிறது. ‘அருள் நிறைந்த மரியே’ என்று தொடங்கும் மந்திரம். ஆமென் சொல்லும்வரை கை தாங்கினால் ரொட்டி வைக்கிற சூடு. நடுவிலேயே கையை இழுக்க வேண்டி வந்தால் சூடு கூடுதல். ஆமென் சொல்லி மறுபடியும் தொடங்க முடிந்தால் இன்னும் இரண்டு விறகு. கடிகாரம் அவருக்கு வேண்டாம். இடது கைச் சட்டை மட்டும் மணிக்கட்டில் பொத்தான் போட்டபடியே இருக்கும்.

வயது அறுபத்திரண்டு. குளச்சலுக்குக் கிழக்கே, கடல் இரைச்சல் கேட்கிற தூரத்தில் வீடு. அப்பா கட்டுமரக்காரர், மகனுக்குக் கடலில் கால் வைத்தாலே வாந்தி. அதனால் 1994 முதல் 2021 வரை ஷார்ஜாவில் குபூஸ் ரொட்டிக் கடை ஒன்றின் அடுப்பு முன்னால் நின்றார். “இருவத்தேழு வருசம் அடுத்தவனுக்க அடுப்பு. சாவதுக்கு முன்ன எனக்க சொந்த அடுப்புக்கு முன்ன நிக்கணும், கேட்டியா?” என்று, வழியில் நிறுத்தி விசாரிக்கிறவர்களிடமெல்லாம் சொல்வார்.

இந்த விறகடுப்புக்கு ஊரில் போர்மா என்று பெயர். பேக்கரியில் இருக்கும், வீட்டு முற்றத்தில் யாரும் கட்டியதில்லை. அல்போன்ஸ் ஒரு கொத்தனாரையும் கூப்பிடாமல் முதலில் தளம் போட்டார். வீட்டுக்கு வடக்கே பதினான்கு அடிக்குப் பதினொன்று. மண்ணைத் திமிசு போட்டு இறுக்கி, சலித்த மணலை இரண்டு அங்குலம் பரப்பி, மேலே இருநூற்றுப் பன்னிரண்டு கருங்கல் துண்டுகள். ஒவ்வொரு கல்லிலும் ஏறி நின்று ஆடிப் பார்த்தார். கல் ஆடினால் பெயர்த்து மறுபடி பதித்தார். இரண்டு பருவமழையும் கொட்டுகிற ஊர் என்பதால் தென்னை மரத்தடியைப் பார்த்து அடிக்குக் கால் அங்குலம் சரிவு. பக்கத்து வீட்டு ஆன்ஸ்லின் கொத்தனார். மட்டக் குழாயோடு வந்து நான்கு மூலையும் பிடித்துப் பார்த்தார். குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. “அண்ணாச்சி எங்க வயித்துல மண்ணு போடத்தான் கல்ஃப விட்டு வந்திருக்கீரு” என்று சொல்லிவிட்டுப் போனார்.

தளம் நின்றது. அடுப்பு நிற்கவில்லை. கோட்டாறில் ஒரு பழைய போர்மாவை இடித்தபோது வாங்கி வந்த செங்கல். குளத்துக் களிமண்ணில் வைக்கோல் போட்டு மிதித்த சாந்து. ஈர மணலைக் குவித்து, அதன் மேல் கும்பா கவிழ்த்தாற்போலக் கட்டி, பிறகு மணலை வாரி எடுத்தார். எல்லாம் முறைப்படிதான். கட்டிய பின் ஏழு நாள் சிறு தீ போட்டு உலர்த்த வேண்டும். அந்தத் தீயில், கையை உள்ளே வைத்தபடி செபமாலையில் ஒரு பத்து மணியை, மணிக்கு ஒரு மந்திரமாக, நிதானமாகச் சொல்லி முடிக்கலாம், அவ்வளவு இளஞ்சூடு. முதல் அடுப்பு 2023 பிப்ரவரி 11-ஆம் தேதி உலர்த்தும்போதே வெடித்து விழுந்தது. இரண்டாவது, செப்டம்பர் 9. முதலாவதுக்கு அல்போன்ஸ் கண்ட குற்றவாளி களிமண். “கடக்கரைக் காத்துல உப்பு ஊறினது.” இரண்டாவதுக்கு, “ரப்பர் வெறகு சதிச்சுப் போட்டு.”

“மூணாவதாவது உயிர்த்தெழும்புமா அண்ணாச்சி?” என்று மதிலுக்கு மேலே தலையை நீட்டினார் ஆன்ஸ்லின்.

மனைவி குளோரி சிரிக்கவில்லை. “இதும் விழுந்தா அந்த எடம் மருமவனுக்க காருக்கு. பின்ன ஒரு செங்கல்லு இந்த முத்தத்துக்குள்ள வரப்பிடாது.” அல்போன்ஸ் சம்மதித்தார். சம்மதித்த கையோடு, மே ஐந்தாம் தேதி பேத்தி அபினா முதன்முதலாக நற்கருணை வாங்குகிற புதுநன்மைக்கு வருகிற அத்தனை பேருக்கும் “ரொட்டி எனக்க போர்மாவுலதான்” என்று கோயில் வாசலில் நின்று சொல்லியும் விட்டார்.

ஏப்ரல் 27-ஆம் தேதி மூன்றாவது அடுப்பில் உலர்த்தும் தீ தொடங்கியது. மூன்றாம் நாள் அல்போன்ஸ் கையை உள்ளே வைத்துப் பத்து மணியும் சொல்லி முடித்து, “சூடு போராது” என்று விறகு எடுக்கத் திரும்பினார். உள்ளே ஒரு விரல் நீளத்துக்குக் கீறல் தெரிந்தது. அதில் சாந்து அப்பலாம் என்று குளோரி கையை நீட்டினாள்.

“எனக்க மாதாவே!” என்று இழுத்துக்கொண்டாள். “இதா பத்து மணி சூடு? எனக்குப் பாதி மந்திரம் தாங்கல்ல!”

“ஒனக்கு அடுப்படிக் கை, பிள்ளே. எனக்கு கல்ஃப் கை.”

அது அவருடைய பழைய பெருமை. கொதிக்கிற சாயாப் பாத்திரத்தைத் துணியில்லாமல் இறக்கி வைப்பார். குளோரி அவருடைய வலது முன்கையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பினாள். மணிக்கட்டிலிருந்து நாலு விரற்கடைக்குத் தோல் சிவந்து, இரண்டு கொப்புளங்கள் எழும்பியிருந்தன.

“இது எப்பம் வந்தது?”

அல்போன்ஸ் பார்த்தார். விரலால் அழுத்தினார். இன்னொரு தடவை அழுத்தினார். விறகுக் கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

“அப்பம் மண்ணு இல்ல,” என்றார். “வெறகும் இல்ல.”

குளோரிதான் கம்பி போட்டுத் தீயைப் பாதிக்கு மேல் வெளியே வாரினாள். மறுநாள் டாக்டர் ஊசி முனையால் இரண்டு கைகளிலும் குத்திக் குத்திக் கேட்டார். பதினோரு வருடச் சர்க்கரையும் இருபத்தேழு வருடச் சூடும் சேர்ந்து வலது கை உணர்ச்சியைத் தின்றிருந்தன. இடது கையிலும் தொடங்கியிருந்தது. இனி இரண்டையும் நெருப்புக்குக் காட்டக் கூடாது என்று எழுதிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்தும் அல்போன்ஸ் வலது கைச் சட்டையை மடித்தேதான் விட்டார். கொப்புளத்துக்குப் போட்ட கட்டுக்கு மேலே மடிப்பு நின்றது. மீதி நாள் தீயை குளோரி பார்த்தாள். கீறல் விரல் நீளத்தைத் தாண்டவில்லை.

மே ஐந்து, ஞாயிறு. பூசை முடிந்து முப்பத்தாறு பேர் அந்தக் கருங்கல் தளத்தில் வந்து நின்றார்கள். வெள்ளை உடுப்பில் அபினா முன்னால். அதிகாலையில் போட்ட தீ அடங்கி, கனலை வாரி ஒதுக்கியாகிவிட்டது. எல்லாரும் அல்போன்ஸின் வலது கையைப் பார்த்தார்கள். அவர் மனைவியைப் பார்த்தார்.

“நீ வய்யி, பிள்ளே.”

குளோரி வளையல்களை முழங்கைக்கு ஏற்றிவிட்டு, அடுப்பின் வாய்க்குள் கையை நீட்டினாள். உதடு அசைந்தது.

“அக்கா, வேகமா சொல்லிக் கள்ளம் காட்டப்பிடாது!” என்றார் ஆன்ஸ்லின். யாரோ சிரித்தார்கள். குளோரி திரும்பவில்லை. பாதி தாண்டியது. நெற்றியில் வியர்வை பொடித்தது. பிறகு, தளத்தில் நின்ற எல்லாருக்கும் கேட்கும்படி, “ஆமென்” என்று கையை எடுத்தாள்.

அல்போன்ஸ் ரொட்டி வைக்கிற துடுப்பைத் தூக்கினார். அப்பாவுடைய கட்டுமரத் துடுப்பை இழைத்துச் செய்தது. பிசைந்து வட்டம் தட்டிய மாவு அதன் நுனியில் இருந்தது. உள்ளே நீட்டி, ஒரு வெட்டு வெட்டி இழுத்தார். துடுப்பு வெறுமையாக வந்தது. ரொட்டி உள்ளே உப்பத் தொடங்கியது. அவர் துடுப்பைச் சுவரில் சாய்த்துவிட்டு, வலது கைச் சட்டையின் நான்கு மடிப்புகளையும் ஒவ்வொன்றாக இறக்கினார். மணிக்கட்டில் பொத்தான் கண் இன்னும் விறைப்பாகவே இருந்தது. இதுவரை அதில் பொத்தான் நுழைந்ததில்லை. இடது கையால் தடவித் தடவிப் போட்டுக்கொண்டார்.