வள்ளத்துக் குருத்தோலை

காய்ந்த குருத்தோலை எரிகிற மணம், அடுப்பில் தென்னோலை எரிகிற மணம் அல்ல. இரண்டும் ஒரே மரத்து ஓலைதானே என்று கேட்பவர்களோடு நான் சண்டைக்கு நிற்கமாட்டேன். ஆனால் ஒத்துக்கொள்ளவும் மாட்டேன். அடுப்போலை சடசடவென்று எரிந்து கண்ணைக் கரிக்கும். ஒரு வருடம் முழுக்க வீட்டு மாதா சுரூபத்துக்குப் பின்னால் செருகிக் கிடந்து, மெழுகுதிரிப் புகையையும் சாம்பிராணிப் புகையையும் குடித்துப் பழுப்பேறிச் சுருண்ட குருத்தோலையோ அதிகம் சத்தம் போடாமல் எரியும். கொஞ்சம் இனிப்பும் கொஞ்சம் கசப்புமாக ஒரு மணம் வரும். கற்பிட்டிப் பக்கத்தில், கடலுக்கும் களப்பு என்கிற உப்பங்கழிக்கும் நடுவே கிடக்கிற எங்கள் ஊரில், கோயில் வளவிலிருந்து அந்த மணம் வந்தால் நாளைக்கு விபூதிப் புதன் என்று அர்த்தம்.

கலண்டர் பார்க்கத் தெரியாத வயதிலேயே எங்களுக்கு வருடம் தெரியும். சுவாமியார் பூசைக்குப் போட்டுவருகிற உடுப்பின் நிறத்தைப் பார்த்தால் போதும். ஊதா என்றால் நத்தார், அதாவது கிறிஸ்மஸ் வரப்போகிறது, அல்லது ஈஸ்டருக்கு முந்தின தபசு காலம். வெள்ளை என்றால் கொண்டாட்டம், வீட்டில் பலகாரம். பச்சை என்றால் ஒன்றுமில்லை, சும்மா நாட்கள். மாசி மாதத் தொடக்கத்தில் இரண்டு மெழுகுதிரிகளைக் குறுக்காகப் பிடித்துத் தொண்டையில் வைத்து ஆசீர்வதிப்பார்கள். மீன்முள் சிக்காமலிருக்க என்று அம்மா சொல்லுவா, மூன்று நேரமும் மீன் தின்கிற ஊரில் அதற்கு வராத தொண்டை கிடையாது. தபசின் கடைசியில் சுரூபங்களை எல்லாம் ஊதாத் துணியால் மூடிவிடுவார்கள். துணிக்குள் நிற்கிற அந்தோனியார் என்னைப் பார்க்கிறாரா இல்லையா என்று தெரியாத அந்த இரண்டு வாரமும் நான் ஒழுங்காக நடந்துகொண்டேன் என்று இப்போது நினைக்கிறேன். பெரிய வியாழனோடு வெண்கல மணி வாயை மூடிக்கொள்ளும். பலகையில் கட்டையால் அடிக்கிற "மரமணி" வெளியே வரும். அதன் சத்தத்தைக் கேட்டால் நாய்கள்கூட வாலைச் சுருட்டிக்கொண்டு ஒதுங்கும்.

இத்தனையிலும் எங்கள் கைக்கு வந்து, எங்கள் வீட்டுக்குள்ளேயே தங்கிவிடுகிற பொருள் குருத்தோலை ஒன்றுதான். தபசு முடிகையில் வருகிற குருத்தோலை ஞாயிறன்று மந்திரித்த ஓலையைச் சிலுவையாகப் பின்னி வீட்டுச் சுரூபத்துக்குப் பின்னால் செருகுவோம். வருடம் திரும்பியதும் அதைக் கோயிலில் கொடுத்துவிட வேண்டும். அதை எரித்த சாம்பலைத்தான் விபூதிப் புதனன்று எங்கள் நெற்றியில் பூசுவார்கள். இது வீட்டு ஓலையின் வழி. வள்ளத்து ஓலைக்கு வேறு வழி. ஒவ்வொரு வள்ளத்தின் அணியத்திலும், அதாவது முன்மூக்கின் உட்புறத்தில், ஓர் ஓலைச் சிலுவை கட்டியிருக்கும். கரையலையைத் தாண்டும்போது அப்பா அதைத் தொட்டுக் கும்பிடுவார். அது நெருப்புக்குப் போகாது. அடுத்த குருத்தோலை ஞாயிறன்று புதிய ஓலையைக் கட்டிய பிறகே பழையதை அவிழ்த்துக் கடலில் விடுவார்கள். "வள்ளம் ஒரு நாளும் ஓலையில்லாமக் கிடக்கப்படாது" என்பது எங்கள் கரையில் யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்காமலே எல்லோருக்கும் தெரிந்த விஷயம். எனக்கும் தெரியும். தெரிந்துகொண்டேதான் செய்தேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. விபூதிப் புதனுக்கு முந்தின ஞாயிறு, ஞானோபதேச வகுப்பில் சிஸ்டர், "ஒரு வீட்டுக்கு ஒரு ஓலை. செவ்வாய்க்கிழமை பின்னேரத்துக்குள்ள பெட்டியில போடோணும். கொண்டு வராத ஆக்கள் எழும்பி நிக்கோணும்" என்று சொல்லிவிட்டா. கோயில் வாசலில் பழைய ஓலைக்கென்று ஒரு மரப்பெட்டி வைத்திருந்தார்கள். நான் வீட்டுக்கு ஓடிவந்து சுரூபத்துக்குப் பின்னால் கையை விட்டால், தூசிதான் வந்தது.

"எங்கடி ஓலைக்குப் போறது?" என்றா அம்மா. "ஐப்பசி இடிக்குப் பாதி, கார்த்திகை இடிக்கு மிச்சம். எல்லாம் எரிச்சு முடிஞ்சுது. இடி இடிக்கேக்க கட்டிலுக்குக் கீழ பூந்தது ஆரு? உனக்காகத்தானே எரிச்சனான்."

அது உண்மைதான். மாரியில் இடி முழங்கினால் அம்மா சிரட்டைத் தணலில் ஓலைத்துண்டு ஒன்றைப் போட்டுவிட்டுச் செபம் சொல்லுவா. அந்த வருட இடிக்குத் துண்டு போதவில்லை. ஆனால் வகுப்பு முழுக்கப் பார்க்க எழும்பி நிற்க நான் ஆயத்தமாக இல்லை. செவ்வாய்க்கிழமை மத்தியானம், கரையில் இழுத்துவைத்திருந்த எங்கள் வள்ளத்தில் ஏறி, அணியத்தில் கட்டியிருந்த ஓலையின் முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தேன். உப்பு உறைத்தது. அதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு ஓடிப்போய்ப் பெட்டியில் போட்டுவிட்டு, பெரிய வேலை ஒன்றை முடித்தவளைப்போலத் தோழிகளோடு கிளித்தட்டு விளையாடப் போய்விட்டேன். பின்னேரம் மூப்பர், கோயில் வேலைகளை எல்லாம் பார்க்கிறவர், கோயில் வளவில் தாச்சிச் சட்டியை வைத்து எல்லா ஓலையையும் கொட்டி எரித்தார். அந்த மணம் ஊருக்குள் வந்தபோது அப்பாவும், அம்மாவின் தம்பி சூசை மாமாவும் வள்ளத்தைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

மாலையில் போய் வலைவிட்டு விடியக் கரைக்கு வருவது அவர்களுடைய தொழில்முறை. புதன் காலையில் நானும் அம்மாவும் முதல் பூசைக்குப் போய்ச் சாம்பல் பூசிக்கொண்டு வந்தோம். அப்பாவுக்குப் பின்னேரப் பூசை இருந்தது. எட்டு மணியாயிற்று, மற்ற வள்ளங்கள் வந்துவிட்டன. பத்தாயிற்று. மத்தியானமாயிற்று. வாடைக்காற்று அன்றைக்கென்று பேய்க்காற்றாக அடித்தது. கரையில் நின்ற ஆட்கள் ஒவ்வொருவராகக் கடல்பக்கம் திரும்பினார்கள். அப்போதுதான் எனக்கு ஓலை நினைவுக்கு வந்தது. அப்பா அந்த அலையைத் தாண்டும்போது கையை நீட்டியிருப்பார், அங்கே ஒன்றும் இருந்திருக்காது. அவருடைய ஓலையை நான்தான் சாம்பலாக்கி என் நெற்றியில் பூசிக்கொண்டு நிற்கிறேன்.

அம்மா வீட்டுக்கு ஓடினா. நானும் பின்னால் ஓடினேன். சுரூபத்துக்குப் பின்னால், செபப்புத்தகத்துக்குள், கூரைச் செருகலில் எல்லாம் தேடினா. "ஒரு துண்டாவது வச்சிருக்கலாமே, மாதாவே, ஒரு துண்டாவது" என்று தலையில் அடித்துக்கொண்டா. பக்கத்து வீடுகளில் கேட்டா; எல்லோரும் ஓலையைப் பெட்டியில் போட்டுவிட்டார்கள். விபூதிப் புதனிலிருந்து குருத்தோலை ஞாயிறுவரை எங்கள் ஊரில் எந்த வீட்டிலும் மந்திரித்த ஓலை இருக்காது என்பது அன்றைக்குத்தான் எங்களுக்கு உறைத்தது. கடைசியில் அம்மா என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து நெற்றியைப் பார்த்தா. "இது மட்டும்தான் மிச்சம். அப்பா வாறவரைக்கும் கழுவாத" என்றா. அந்தச் சாம்பலில் எந்த ஓலை கலந்திருக்கிறது என்று அவவுக்குத் தெரியாது. நான் தலையை ஆட்டினேன்.

மீன் லொறி வைத்திருந்த காசிம் நானா வாசலுக்கு வந்து, "அழாதீங்க தங்கச்சி, அல்லாஹ் இருக்கான். தெக்கால உள்ள கரையெல்லாம் நான் போய் விசாரிச்சிட்டு வாறன்" என்று சொல்லிவிட்டு அந்த நேரமே லொறியை எடுத்தார். அன்று இரவைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. நெற்றி தலையணையில் படாமல் மல்லாந்து படுத்திருந்தேன் என்பதோடு விட்டுவிடுகிறேன்.

வியாழன் காலையில் நானாவின் லொறி வந்து நின்றது. முன்னுக்கு இருந்து சூசை மாமா இறங்கினார்; பின்னுக்கு, மீன்பெட்டிகளுக்கு நடுவிலிருந்து அப்பா குதித்தார். கண் இரண்டும் கோவைப்பழம், உதடெல்லாம் உப்பு. எஞ்சின் நின்று, காற்று அவர்களைத் தெற்கே தள்ளிக்கொண்டுபோக, உடப்பு என்கிற சைவ ஊரின் வள்ளம் ஒன்று கண்டு கயிறு போட்டு இழுத்துக் கரைசேர்த்திருக்கிறது. அம்மா அழுதுகொண்டே ஏசினா, ஏசிக்கொண்டே தேத்தண்ணி ஊற்றினா. சூசை மாமா தேத்தண்ணியைக் கையில் வாங்கிய கையோடு, "நான் அப்பவே சொன்னனான் மச்சான், அணியத்தில ஓலையக் காணேல்ல, திரும்புவம் எண்டு. நீங்கதான் கேக்கேல்ல" என்றார்.

அவ்வளவுதான். நான் அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டு, பெட்டி, சிஸ்டர், முடிச்சு, பல் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டி அழுதேன். அம்மா கையை ஓங்கினா. அப்பா அதைப் பிடித்துக்கொண்டு என்னை உற்றுப் பார்த்தார். அவருக்குக் கோபம் வந்திருந்தால் நல்லது என்றுகூட நினைத்தேன்.

"நேத்து முழுக்க உடப்பு ஆக்கள்ட நெத்தியெல்லாம் திருநீறு" என்றார். "இஞ்ச வந்தா உன்ட நெத்தியிலயும் திருநீறு. எனக்குத்தான் ஒண்டுமில்ல."

பிறகு கட்டைவிரலை நாக்கில் நனைத்து, என் நெற்றியில் கலைந்து கிடந்த சாம்பலை ஒற்றியெடுத்து, தன் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். "என்ட வள்ளத்து ஓலைதானே. எனக்கும் பங்கிருக்கு" என்றார். அம்மா கையைக் கீழே போட்டா. சூசை மாமா மட்டும், "சுவாமியார் இல்லாம இதெல்லாம் செல்லுமா?" என்று முணுமுணுத்தார்.

இதெல்லாம் நடந்து நாற்பது வருடத்துக்கு மேலாகிறது. அம்மா இல்லை, சூசை மாமாவும் இல்லை. அப்பாவுக்கு எண்பது கடந்துவிட்டது. நானும் அவரும் அதே வீட்டில்தான் இருக்கிறோம். கண் மங்கிய பிறகு வள்ளத்தை விற்றார். கடைசி ஓலையை அவிழ்த்துக் கையில் எடுத்தார். புதியது கட்டினால்தானே பழையதைக் கடலில் விடலாம். புதியது கட்ட வள்ளம் இல்லை. அதனால் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து செபப்புத்தகத்துக்குள் வைத்தார். அது அங்கேயே பல வருடம் கிடந்தது. நானும் தொடவில்லை, அவரும் எடுக்கவில்லை.

இந்த வருடம் விபூதிப் புதனன்று காலையில் நான் பூசைக்கு வெளிக்கிட்டபோது அப்பா கூப்பிட்டார். இப்போது அவரால் கோயிலுக்கு நடக்க ஏலாது. செபப்புத்தகத்தைத் திறந்து அந்த ஓலையை எடுத்து நீட்டினார்.

"இதக் கொண்டுபோய்க் கோயில்ல குடு புள்ள. பூசைக்கு முதல் எரிச்சுச் சாம்பலோட சேக்கட்டும். வள்ளமுமில்ல, நான் இனிக் கடலுக்குப் போகப்போறதுமில்ல. எனக்கெதுக்கு?"

சும்மா, பழைய பேப்பரைப் போடச் சொல்வதைப்போலத்தான் சொன்னார். நான் அதை வாங்கிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டேன்.

கோயில் வாசலில் பெட்டி இல்லை. அது இல்லாமல்போய்க் கனகாலம், நான்தான் கவனித்திருக்கவில்லை. ஓலையை யாரும் திருப்பிக் கேட்பதில்லை, சுரூபங்களை மூடுவதில்லை, மரமணி எங்கே போனது என்று கேட்டால் அப்படியொன்று இருந்ததா என்கிறார்கள். உள்ளே சாம்பலை எடுத்துவைத்துக்கொண்டிருந்த ஒரு பையனிடம் ஓலையைக் காட்டிக் கேட்டேன். நல்ல பிள்ளை, பரிவாகத்தான் சொன்னான். "இப்ப சாம்பல் பை பையா அடைச்சுப் பக்கெட்டில வருது அன்ரி. நாங்க எரிக்கிறதில்ல. வச்சிட்டுப் போங்க, நான் எங்கயாவது பாத்துப் போடுறன்."

எங்கேயாவது போட அதைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. உண்மையைச் சொன்னால், அவன் தாச்சியோடு நெருப்பு மூட்டிக்கொண்டு நின்றிருந்தாலும் கொடுத்திருக்கமாட்டேன்; அப்பாவின் ஓலையை ஒருமுறை எரிக்கக் கொடுத்துப் பார்த்தவள் நான். பூசை கண்டு, பக்கெட் சாம்பலைப் பூசிக்கொண்டு, ஓலையைக் கைப்பையிலேயே வைத்தபடி திரும்பிவந்தேன்.

அப்பா கதிரையில் காத்துக்கொண்டிருந்தார். "குடுத்தியா?" என்றார்.

"ஓம் அப்பா."

"எரிச்சாங்களா?"

"ஓம்."

கட்டைவிரலை நாக்கில் நனைத்தார். நான் குனிந்தேன். கண் சரியாகத் தெரியாததால் என் புருவத்திலும் மூக்கிலும் தடவி, கடைசியில் நெற்றியைப் பிடித்து ஒற்றியெடுத்துத் தன் நெற்றியில் போட்டுக்கொண்டார். "என்ட ஓலை" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். அவர் முகத்தில் இருந்த நிம்மதியைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. தேத்தண்ணி போடுகிற சாட்டில் குசினிக்குள் போய் அழுதேன்.

ஒன்பது வயதில் செய்த களவை இரண்டு நாளுக்குமேல் என்னால் மறைக்க முடியவில்லை. இந்தப் பொய்யை இன்னும் பாவசங்கீர்த்தனத்தில் சுவாமியாரிடம்கூடச் சொல்லவில்லை. ஓலை என் அலுமாரியில், அம்மாவின் சீலைக்குக் கீழே இருக்கிறது. அப்பா இந்தக் கரையில் இருக்கும்வரைக்கும் அது அங்கேயே இருக்கட்டும்.