காதர் அங்கிளுக்கு சாப்ட்வேர் வேண்டாம் என்று சொன்ன கதை

1. வளைகாப்பில் பீட்சா

நியூஜெர்சியின் எடிசன் ஊரில் ஒரு வளைகாப்பு. வந்தவர்கள் நூற்றைம்பது பேர். சாப்பாடு வந்ததோ நூறு பேருக்கு. வரிசையில் பின்னால் நின்றவர்களுக்கு அவசரமாகப் பீட்சா வரவழைத்தார்கள். கை நிறைய வளையலோடு கர்ப்பிணிப் பெண் பீட்சா கடிக்கிற போட்டோ, நியூஜெர்சி தமிழர்களின் ஈமெயிலில் ஒரு வாரம் சுற்றியது.

அந்தச் சாப்பாட்டை அனுப்பியவர் ஐசலினில் கேட்டரிங் நடத்தும் காதர் அங்கிள். திங்கட்கிழமை காலையில் எங்கள் ஆபீசுக்குப் போன் செய்தார். "ஏதோ சாப்ட்வேர் விக்கிறீங்களாமே, அது இருந்தா தப்பே வராதாமே. ஒரு ஆளை அனுப்புங்க."

அனுப்பப்பட்ட ஆள் நான். அது 2006. பார்சிப்பனியில் பன்னிரண்டு பேர் மட்டுமே இருந்த கம்பெனி எங்களுடையது. நாங்கள் விற்றது ப்ராசஸ் மேனேஜ்மென்ட் சாப்ட்வேர். ஒரு வேலை யாரிடம் தொடங்குகிறது, அடுத்து யாரிடம் போகிறது, எங்கே முடங்கிக் கிடக்கிறது என்று அது கூடவே நடந்து பார்க்கும். மறந்தவருக்கு ஞாபகப்படுத்தும். நான் போய் ஒரு கடையில் நடப்பதையெல்லாம் படமாக வரைந்து, சாப்ட்வேரை விற்றுவிட்டு வரவேண்டும். அதற்கு முன் இரண்டு இடத்தில் படம் மட்டும் வரைந்துவிட்டு வந்திருந்தேன்.

பாஸ் ரங்கா மயிலாப்பூர்க்காரர், நல்ல மனிதர், ஆனால் பொறுமை கொஞ்சம் கம்மி. "சுமதி, இதையாவது க்ளோஸ் பண்ணு. இல்லேன்னா உன்னை டெஸ்டிங்ல போட்டு டெக்சாஸ் அனுப்பறதைத் தவிர எனக்கு வேற வழி இல்லம்மா."

எனக்குக் கல்யாணமாகி எட்டு மாதம். கணவருக்கு வேலை நியூஜெர்சியில். டெக்சாஸோ விமானத்தில் நான்கு மணி நேரம்.

2. பதினான்கு பெட்டி

ஓக் ட்ரீ ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் அங்கிளின் கிச்சன். அவர், அவர் மனைவி மைமூன் ஆன்ட்டி, ஆறு வேலையாட்கள். இருவருக்கும் சொந்த ஊர் கீழக்கரை. மூன்று நாள் உட்கார்ந்து பார்த்து, ஆர்டர் போனில் வருவதிலிருந்து ட்ரே வேனில் ஏறுவது வரை பதினான்கு பெட்டிகளாக வரைந்தேன். கலர் வேறு அடித்திருந்தேன். அங்கிள் அதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"அழகா இருக்கும்மா. மார்கழி மாசத்துக் கோலம் மாதிரி."

ட்ரேக்களுக்கு ஃபாயில் போட்டுக்கொண்டிருந்த ஆன்ட்டி நிமிர்ந்தார். "இது வந்துட்டா நான் ரெண்டு மாசம் ஊருக்குப் போய்ட்டு வரலாமா சுமதி? தங்கச்சி பொண்ணுக்கு மாப்பிள்ளை பாத்துட்டு இருக்காங்க."

"தாராளமா போலாம் ஆன்ட்டி" என்றேன். விற்க வந்தவள் வேறு என்ன சொல்வாள்?

அங்கிள் அடுத்துக் கேட்டார். "உங்க ஆபீஸ்ல இதை யூஸ் பண்றீங்களாம்மா?"

எங்கள் ஆபீசில் லீவு வேண்டுமென்றால் தடுப்புக்கு மேலே தலையை நீட்டி "ரங்கா, நாளைக்கு வரமாட்டேன்" என்று கத்துவோம். அவர் "சரி சரி" என்பார். அதுதான் எங்கள் ப்ராசஸ். "பண்றோமே அங்கிள்" என்று முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன்.

ஆனால் ஒன்று மட்டும் உறுத்தியது. நூற்றைம்பது எப்படி நூறானது? கடை நோட்டில் நூறு என்றுதான் இருந்தது. வளைகாப்பு வீட்டுக்காரரோ நூற்றைம்பது என்று சொன்னதாகச் சத்தியம் செய்தார். என் பதினான்கு பெட்டியில் எதைத் தட்டிப் பார்த்தாலும் அந்த ஐம்பது பேர் கிடைக்கவில்லை.

3. செருப்பு ரேக்

வெள்ளிக்கிழமை அங்கிளின் வேன் ரிப்பேருக்குப் போயிருந்தது. ஒரு கல்யாண ஹாலுக்கு என் காரில் அழைத்துப் போனேன். "வழியில ஜும்மா முடிச்சுட்டு வந்துடறேம்மா" என்று இறங்கினார். நான் பார்க்கிங்கில் காத்திருந்தேன்.

தொழுகை முடிந்து வெளியே வந்தவரைச் செருப்பு ரேக் பக்கத்திலேயே மூன்று பேர் பிடித்துக்கொண்டார்கள். ஒருவர் ஒற்றைக்கால் ஷூவோடு நின்று பேசினார். கடைசி ஆள் ஐந்து விரலை விரித்துக் காட்டினார். அங்கிள் எல்லாருக்கும் நெஞ்சில் கைவைத்துத் தலையாட்டினார்.

காரில் ஏறியதும் கேட்டேன். "என்ன சொன்னாங்க அங்கிள்?"

"ரஹீம் வீட்டுல நாற்பது பேர் கூடுதலாம். டாக்டர் வீட்டுல மட்டன் வேண்டாம், சிக்கனாம்."

"மூணாவது ஆள்?"

சிக்னல் பச்சையாகி, பின்னால் ஹாரன் அடிக்கும்வரை யோசித்தார். "அவர் சும்மா சலாம் சொன்னார்னு நினைக்கிறேன்."

"அஞ்சு விரல் காட்டினாரே அங்கிள்."

"யா அல்லாஹ்!"

நம் ஆட்கள் விருந்துக்கு வருவதாக முன்கூட்டி எங்கே சொல்கிறார்கள்? ஆகவே ஆர்டர் கொடுக்கும்போது ஒரு எண்ணைச் சொல்லி வைப்பார்கள், பிறகு கடைசி நாள்வரை அதைக் கூட்டிக்கொண்டே போவார்கள். ஆர்டர் போனில் வந்தது. கூடுதல் ஆட்கள் பள்ளிவாசலிலும் கடைத்தெருவிலும் வந்தார்கள்.

"வளைகாப்புக்காரர் எங்க அங்கிள் சொன்னார்?"

"இப்ப ஞாபகம் வருதும்மா. மளிகைக்கடை க்யூல. கையில முருங்கைக்காய் வெச்சிருந்தார்."

முருங்கைக்காய் ஞாபகம் இருந்தது, எண்ணிக்கை போய்விட்டது.

"ஒரு பேப்பர்ல குறிச்சுக்கலாமே?"

"எப்படிம்மா? ஒரு மனுஷன் முகத்துக்கு நேரா வாயால சொல்றார். நான் அவர் முன்னாடி பேனாவை எடுத்தா, உன் வார்த்தையை நம்பலைன்னு ஆயிடாதா?"

தப்பு என் முதல் பெட்டிக்கு வெளியே, தெருவில் நடந்திருந்தது. அந்த சாப்ட்வேரைக் கடையில் எத்தனை கம்ப்யூட்டரில் போட்டாலும் செருப்பு ரேக்குக்கு அது எட்டாது.

4. ஒரு வைட்போர்டு

இரண்டு நாள் வீட்டில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன். கணவர், "வித்துட்டு வந்துடேன், உனக்கென்ன" என்றார். திங்கட்கிழமை போய் அங்கிளிடம் சொல்லிவிட்டேன்.

"உங்களுக்கு சாப்ட்வேர் வேண்டாம் அங்கிள். இனிமே யார் வந்து எண்ணிக்கை சொன்னாலும், அங்கேயே ஆன்ட்டிக்குப் போன் போட்டு, போனை அந்த ஆள் கையில கொடுத்துடுங்க. 'வீட்டுலயே சொல்லிடுங்க'ன்னு சொல்லுங்க. சொல்றவங்களுக்கும் அது மரியாதை. நான் வாங்கிட்டு வந்திருக்கற இந்த வைட்போர்டுல ஆன்ட்டி எழுதிடுவாங்க. இன்னொண்ணு, எங்க ஆபீஸ்லயே நாங்க அந்த சாப்ட்வேரை யூஸ் பண்றதில்ல."

அங்கிள் வயிறு குலுங்கச் சிரித்தார். ஆன்ட்டி சிரிக்கவில்லை. ஃபாயிலைக் கிழித்து அடுத்த ட்ரேயை மூடப் போனார். அது அன்றைக்கு என் கண்ணில் பட்டது, மண்டையில் ஏறவில்லை.

ரங்கா குதித்தார். "நீ வேலை பாக்கறது நம்ம கம்பெனிக்கா, அந்த பிரியாணிக் கடைக்கா?" அடுத்த மாதம் நான் டெக்சாஸில், பிளானோவில் இருந்தேன். திங்கட்கிழமை விமானம், வியாழக்கிழமை திரும்பல், ஒரு வருஷத்துக்கு மேல். அங்கே சுங்கச் சாலையில் தனியாக ஓட்டிப் போகும்போது அழுதும் இருக்கிறேன். ஆனால் லன்ச் மேஜையில் உட்கார்ந்தால் செருப்பு ரேக் கதைதான். ஒரு வைட்போர்டால் சாப்ட்வேரையே ஜெயித்த வீராங்கனையாக என்னை நானே மெச்சிக்கொண்டிருந்தேன்.

5. ஆன்ட்டியின் போன்

2009-இல் நியூஜெர்சியிலேயே வேறு கம்பெனியில் சேர்ந்திருந்தேன். ஒரு நாள் போன் வந்தது. மைமூன் ஆன்ட்டி.

"எப்படி இருக்கீங்க ஆன்ட்டி? அப்புறம் தப்பு ஏதும் வரலையே?" என்று பெருமையாகக் கேட்டேன்.

"ஒரு தப்பும் வரலம்மா. போன்தான் நிக்கல. குளிக்கப் போனாலும் பாத்ரூம் வாசல்ல வெச்சுட்டுத்தான் போறேன். தங்கச்சி பொண்ணுக்குக் கல்யாணம் ஆகி, கையில குழந்தையும் வந்தாச்சு. நான் எதுக்கும் போகல. ஒரு சாப்ட்வேர் வாங்குங்கன்னா, 'சுமதியே வேண்டாம்னு சொல்லிடுச்சே'ங்கறார் உங்க அங்கிள். நீதானே வேண்டாம்னு சொன்னே? நீயே வந்து வேணும்னு சொல்லும்மா."

கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அவர் அன்றைக்கே கேட்டாரே, ஊருக்குப் போகலாமா என்று! நான் தாராளமாகப் போகலாம் என்று சொல்லிவிட்டு, அவரையே பிடித்துச் சுவரோடு கட்டிவிட்டு வந்திருக்கிறேன். மூன்று வருஷமாக அந்தக் கடையின் சாப்ட்வேர் மைமூன் ஆன்ட்டிதான்.

சனிக்கிழமை போய் மறுபடி படம் வரைந்தேன். இந்த முறை ஒரே பெட்டி. அதில் 'மைமூன்' என்று எழுதி, எல்லாக் கோட்டையும் அங்கே கொண்டுவந்து சேர்த்தேன். அங்கிள் அதையும் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "இதை நீ அன்னிக்கே போட்டிருக்கலாமேம்மா" என்றார். கோலம் என்று சொல்லவில்லை.

ஆர்டர் எடுக்க மட்டும் ஒரு சின்ன சாப்ட்வேர் வாங்கினார்கள். செருப்பு ரேக்கிலிருந்து அங்கிள் போடும் போனை எடுத்து அதில் பதிய, இரண்டு வேலையாட்களுக்கு நானே சொல்லிக் கொடுத்தேன். ஆன்ட்டி இரண்டு மாதம் கீழக்கரையில் இருந்தார். அதற்குள் ஒரு தப்பு நடக்கத்தான் செய்தது. சிக்கன் கேட்ட வீட்டுக்கு மட்டன் போய்விட்டது. அவர்கள் தின்றுவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டார்கள்.

சின்னக் கடைக்கு சாப்ட்வேர் தேவையா என்று இன்றும் இளையவர்கள் என்னிடம் வந்து கேட்கிறார்கள். எத்தனை ஆர்டர், எத்தனை ஆட்கள் என்று விசாரிப்பதற்கு முன் நான் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன்: இந்தக் கடையில் எல்லாவற்றையும் ஞாபகம் வைத்திருப்பது யார், அவர் கடைசியாக எப்போது ஊருக்குப் போனார்?