டேப்பில் வந்த காதுகுத்து

பாகூரில் லோடு ஆட்டோ ஓட்டும் சம்மந்தத்துக்கு மகன் எழிலரசன் செய்த ஒரே உபகாரம், தன் பழைய டேப்லெட்டைக் கொடுத்தது. மகனின் போன், கம்ப்யூட்டர், இந்த டேப் மூன்றுக்கும் ஒரே இணையக் கணக்கு. அவன் எடுக்கும் பேரன் படங்கள் தானாக இதில் வந்துவிடும். அப்பனின் உறவை வெட்டிவிட்டவன் இந்த இணைப்பை வெட்ட மறந்துவிட்டான்.

நான்கு மாதமாகப் படம் வரவில்லை. வில்லியனூர் செல்போன் கடையில் வேலை செய்யும் ரஞ்சனி டேப்பை வாங்கிப் பார்த்தாள்.

"மெமரி ஃபுல்லு பெரிப்பா. அதான் சிங்க் ஆவல, புதுப் படம் எறங்கல."

வேண்டாததை அழித்ததும் படங்கள் கொட்டின. பேரனுக்குக் காதுகுத்து. சிவப்பு நாற்காலிகளில் மண்டபம் நிறையச் சொந்தக்காரர்கள்.

காதுகுத்து அன்று விடியற்காலையில் அந்த நாற்காலிகளைத் தன் ஆட்டோவில் கொண்டுபோய் மண்டபத்தில் இறக்கியவர் சம்மந்தம்தான். யார் வீட்டு விசேஷம் என்று அவர் கேட்கவில்லை.

"பேரன் காதுகுத்துக்கு நீங்க போவலியா பெரிப்பா?"

"போனேம்மா. சேர் எறக்கிட்டு வந்துட்டேன்."