பொம்மியின் சுவருக்கு நான் வெள்ளையடித்த பொங்கல்

ஓசூரிலிருந்து அஞ்செட்டி மலைப்பக்கம் ஒரே நாளில் போய்த் திரும்ப முடியுமா என்று போன வாரம் ஒரு வாசகர் கேட்டிருந்தார். முடியும். நானே போய்த் திரும்பியிருக்கிறேன். ஆனால் நான் முதல்முறை போனது ஊர் சுற்றிப் பார்க்க இல்லை, செய்த தப்பை ஒப்புக்கொள்ள. தொண்ணூறுகளின் நடுவில், ஒரு மாட்டுப் பொங்கல் அன்று. கட்டணம், நேரம் எல்லாம் அப்போது டைரியில் எழுதி வைத்ததைப் பார்த்துத்தான் சொல்கிறேன். இதைக் காட்டி இன்றைய நடத்துனரிடம் சண்டைக்குப் போகாதீர்கள்.

யாரிடம் ஒப்புக்கொள்ள என்றால் பொம்மியிடம். அவளைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பயணத்தைச் சொல்ல முடியாது.

நான் சிங்காரப்பேட்டைக்காரி. எழுபதுகளின் கடைசியில் ஓசூர்த் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் கிளார்க்காகச் சேர்ந்தேன். சுற்றிலும் புதுப்புதுக் கட்டடமாக எழும்பிக்கொண்டிருந்த காலம். அந்தக் கட்டடங்களுக்குக் கல் சுமக்க மலையிலிருந்து இறங்கி வந்த இருளர் குடும்பங்களில் ஒன்று பொம்மியுடையது. அப்பா மாதன், அவள், இரண்டு பேர்தான். எண்பதுகளின் தொடக்கத்தில் அவளுக்கு எங்கள் பேக்கிங் பிரிவில் வேலை கிடைத்தது. மரப்பெட்டிகளின் மேல் ஸ்டென்சில் வைத்துக் கறுப்புப் பெயிண்டில் விலாசம் அடிக்கிற வேலை.

பெட்டிக்கு வெளியே கம்பெனி சொன்னதை அடிப்பாள். மூடியின் உள்பக்கம் தன் இஷ்டத்துக்கு வரைவாள். கரடி, தேனடை, பாறையில் தொங்குகிற ஆள். ஆணி அடித்துவிட்டால் யார் பார்க்கப் போகிறார்கள்? இரண்டு வருஷம் யாருக்கும் தெரியவில்லை. பம்பாயிலிருந்து ஒரு வாடிக்கையாளர் எழுதிக் கேட்டார், "இந்தக் கரடியை வரைந்தது யார்?" என்று. மேனேஜர் கூப்பிட்டு அனுப்பினார். போச்சு, வேலை போச்சு என்று அவள் நடுங்கினாள். துணைக்கு நானும் போய் நின்றேன். நல்ல மனுஷன், சிரித்துவிட்டார். அந்த மூடிகளைத் திருப்பி வாங்கி, பெங்களூரில் தெரிந்த ஓவியர்களிடம் காட்டியதும் அவர்தான். நான்கைந்து வருஷத்தில் பொம்மியின் படங்களைத் தேடி ஆட்கள் காரில் வர ஆரம்பித்தார்கள். எனக்கு ஏக பெருமை. என் படமே மாட்டியிருக்கிற மாதிரி எல்லோரிடமும் சொல்லித் திரிந்தேன்.

எண்பதுகளின் கடைசியில் வேலையை விட்டாள். தேன்கனிக்கோட்டை சாலையில் ஒரு பழைய கிடங்கைப் பிடித்தாள். தன் படங்களை மாட்டுவதற்கு என்று நினைத்தேன். இல்லை. மலைக்குப் போய் வீடு வீடாகக் கேட்டு, தேன் எடுக்கிற கொடிக்கயிறு, கிழங்கு தோண்டுகிற கோல், மீன் கூடு, தம்பட்டை, சுரைக்குடுவை என்று கொண்டுவந்து சுவர் முழுக்க மாட்டினாள். "இங்க பொறந்த நம்ம பசங்க கிரஷர் தூசியத்தாங்க்கா பாக்குதுங்க. இதையும் பாக்கட்டும்" என்றாள். ஞாயிற்றுக்கிழமைகளில் கல்குவாரிப் பிள்ளைகள் கூட்டமாக வரும். நானும் போய்ப் பெருக்கித் துடைத்து வைப்பேன்.

நான் ஒரு சுத்தப் பைத்தியம். இது என் வீட்டுக்காரர் வைத்த பெயர், பொய்யில்லை.

முதலில் சொன்ன அந்த வருஷம், பொங்கலுக்குப் பொம்மி மலைக்குப் போய்விட்டாள். பொங்கல் கழிந்த ஞாயிறன்று பெங்களூரிலிருந்து ஒரு கலை அமைப்பினர் நான்கு பேர் வருவதாக இருந்தது. பிடித்திருந்தால், அங்கே ஒரு பெரிய கண்காட்சியை அவளே அமைத்து நடத்தலாம். கிடங்கிலோ பாதிச் சாமான் இல்லை. பண்டிகைக்கு வேண்டும் என்று கொடுத்தவர்கள் எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். காலி இடங்களில் சுவரெல்லாம் கரிக்கோடு. சாமானை மாட்ட இடம் குறித்து வைத்திருக்கிறாள் போலிருக்கிறது, திரும்பக் குறித்துக்கொண்டால் போயிற்று என்று நினைத்தேன். வந்து பார்த்தால் அசந்து போவாள் என்று போகியன்று சுண்ணாம்பு கரைத்து, நீலம் கலந்து, நானே இரண்டு கை அடித்தேன். அடித்துவிட்டு வாசலில் நின்று பார்த்தபோது எவ்வளவு சந்தோஷம்! நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

மறுநாள், பொங்கலன்று மத்தியானம், கல்குவாரியில் வேலை செய்கிற சிக்கமாதன் என்பவர் ஒரு மூங்கில் கூடையைத் திருப்பி மாட்ட வந்தார். பொம்மிக்குச் சித்தப்பா முறை. கூடையை வைத்துக்கொண்டு சுவரையே பார்த்தபடி நின்றார்.

"ஏம்மா, எங்க கூடை எங்க?"

"கையில வெச்சிருக்கீங்களே" என்றேன்.

"இது இல்லம்மா. சொவுத்துல இருந்த கூடை."

அப்புறம்தான் விவரம் சொன்னார். கொடுத்த சாமானை எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்பதுதான் அவர்களுக்குள் பேச்சு. எடுக்கும்போது அதைச் சுவரில் வைத்து, ஓரம் ஒட்டிக் கரியால் வரைந்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும். கீழே அந்த வீட்டுக்கு ஒரு குறி. ஒரு வீட்டுக்கு இலை, ஒரு வீட்டுக்கு மூன்று புள்ளி. திரும்ப வந்து மாட்டினால் கோட்டைத் துடைத்துவிடுவார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு அந்தச் சுவர்தான் பதிவேடு. எது யாருடையது, எது எங்கே இருக்கிறது என்பதெல்லாம் அதில்தான்.

"அத்தினியும் அழிச்சுட்டியேம்மா" என்றார். கோபமாகக்கூட இல்லை. அவரிடமே வழி கேட்டுக்கொண்டு, மறுநாளே மலைக்குப் போய்ப் பொம்மியிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். ஞாயிற்றுக்கிழமைக்கு நான்கு நாள் இருந்தது.

இனிப் பயணம். காலை 6.10க்கு ஓசூர் பேருந்து நிலையத்தில் தேன்கனிக்கோட்டை வண்டி. சுமார் 25 கிலோமீட்டர், மூன்றரை ரூபாய். பனி இறங்கிய கேழ்வரகுத் தாள்போர்கள், அவரைக்காய் மூட்டையோடு ஏறுகிற பெண்கள், ஒரே இருக்கையில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும். ஊர் சுற்றப் போயிருந்தால் ரசித்திருப்பேன். 7.15க்கு இறங்கி, நிலையத்துக்கு எதிரே ஒரு டீ குடித்தேன். 7.40க்கு அஞ்செட்டி வண்டி, நான்கு ரூபாய். வலதுபக்க சன்னலோரம் உட்காருங்கள். காட்டுக்குள் இறங்குகிற வளைவுகளில் பள்ளத்தாக்கு முழுவதும் தெரியும். அன்று நடுவில் இருபது நிமிஷம் நின்றுவிட்டோம். கொம்புக்கு வர்ணம் பூசிய மாடுகளை ஊர்வலமாக ஓட்டிக்கொண்டு போனார்கள்.

நடத்துனர் என் பையில் இருந்த கரும்பைப் பார்த்துவிட்டுப் பேச்சுக் கொடுத்தார். "பொங்கலும் அதுவுமா ஒத்தையா எங்கம்மா கெளம்பிட்ட? தாய் வூடா?"

"இல்லைங்க. சிநேகிதி வீடு."

"மொகம் ஒண்ணும் விருந்துக்குப் போற மாதிரி இல்லியே!"

எதிர்ச்சாரியில் ஒரு அம்மா பூவை மடியில் வைத்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன்.

9.20க்கு அஞ்செட்டி. அங்கிருந்து மண்பாதையில் ஐந்து கிலோமீட்டர் நடை. ஊர்ப் பெயரை எழுத வேண்டாம் என்று பொம்மி பிற்பாடு கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை. பாதை தொடங்குகிற இடத்தில் ஆடு ஓட்டிக்கொண்டிருந்த பெண்மணி என்னைத் தடுத்தார். "தனியாப் போவாதம்மா, ஆனை நிக்குது. செத்த குந்து, ஆளுங்க வருவாங்க." உட்கார்ந்தேன். முக்கால் மணி நேரம் கழித்து விறகுக்குப் போகிற மூன்று பேர் வந்தார்கள், கூடவே நடந்தேன். நடை நெடுக என்ன சொல்வது, எப்படி ஆரம்பிப்பது என்று மனப்பாடம் செய்துகொண்டு போனேன்.

போய்ச் சேர்ந்தபோது 11.30. பொம்மி வெளியடுப்பில் களி கிண்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் துடுப்போடு எழுந்து வந்தாள். "அய்யோ சரசக்கா! நீயா? வழி எப்படித் தெரிஞ்சுது?" மனப்பாடம் செய்தது எதுவும் வாயில் வரவில்லை. "பொம்மி, சுவருக்கு வெள்ளையடிச்சுட்டேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு அழுதேன்.

அவள் சிரித்துவிட்டாள்! "அதுக்கா இந்த மலை ஏறி வந்தே? எல்லாத்தையுமா அடிச்சே?"

"எல்லாத்தையும்."

திரும்பப் போய் அடுப்புப் பக்கம் குந்தி, விரல்விட்டுச் சொல்ல ஆரம்பித்தாள். தம்பட்டை, பெரியவீட்டு ரங்கன். முறம், மல்லி வீடு. குடுவை, கெம்பன். ஒரு மூச்சில் பதினாறு சாமான், பதினாறு வீடு. எந்த உயரத்தில் எது இருந்தது என்பது உட்பட. "எனக்கு மறக்காதுக்கா. அவங்கவங்க சாமான் அவங்கவங்களுக்கும் மறக்காது. பண்டிக முடியற வரைக்கும் சாமான் வேணும், சனிக்கெழம எடுத்துகினு வந்து கோடு மட்டும் போட்டுறலாம்." எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கரும்பை எடுத்துக் கொடுத்தேன். வெயிலும் அப்போதுதான் உறைத்தது.

களியைக் கிண்டிக்கொண்டே, ஏதோ சாதாரணமாகக் கேட்கிற மாதிரிக் கேட்டாள்.

"சன்னல் பக்கத்துல கோணலா ஒண்ணு இருந்துச்சே. அதுவுமா?"

ஆமாம், அதுவும்தான். சொல்லப்போனால் அதைத்தான் முதலில் அடித்தேன். மற்றதெல்லாம் அச்சாக இருந்தது. அது மட்டும் குழந்தை கிறுக்கிய மாதிரி இருந்ததால், கண்ணை உறுத்துகிறதே என்று அங்கிருந்துதான் சுண்ணாம்பு மட்டையை வைத்தேன். அதையும் அவளிடம் சொன்னேன். மறைக்க மனசு வரவில்லை.

துடுப்பு நின்றது.

"அது அப்பா போட்டதுக்கா" என்றாள். "போன வருசம் அதோட தேன் கயித்த எடுக்க வந்தப்ப நான் இல்ல, பெங்களூரு போயிருந்தேன். எடுக்கணும்னா கோடு போட்டுத்தானே ஆவணும்? அதுவே கரிய எடுத்துப் போட்டுட்டுப் போயிருக்குது. அது வாழ்க்கையில கரி புடிச்சு வரஞ்சது அது ஒண்ணுதான்."

மாதன் அந்த மழைக்காலத்தில் காய்ச்சலில் இறந்தது எனக்குத் தெரியும். துக்கம் கேட்கவும் போயிருக்கிறேன், ஓசூர் வீட்டுக்கு. கயிறு என்ன ஆயிற்று என்று இப்போது கேட்டேன். "அப்பாவோடயே குழியில வெச்சு மூடிட்டோம்" என்றாள்.

எனக்குத் தாங்கவில்லை. "என்னைத் திட்டிடு பொம்மி, நாலு வார்த்தை நல்லாத் திட்டிடு" என்றேன்.

"திட்டுனா உனக்கு ஆறிடும். எனக்கு?"

அவ்வளவுதான் சொன்னாள். பிறகு களியை உருட்டி, அவரைக்கொட்டைக் குழம்பு ஊற்றி, என் முன்னால் வைத்தாள். சாப்பிடாமல் எழ விடவில்லை. பாதை வரை கொண்டுவந்து விட்டாள். அஞ்செட்டியில் 3.15 வண்டியைப் பிடித்து, விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஓசூர் வந்துவிட்டேன்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். காலை முதல் வண்டியிலேயே கிளம்புங்கள், மத்தியானத்துக்கு மேல் மலையில் வண்டி குறைவு. அஞ்செட்டிக்கு அப்பால் சாப்பாட்டுக் கடையை நம்பாதீர்கள். தனியாக நடக்காதீர்கள், உள்ளூர்க்காரர்கள் உட்கார் என்றால் உட்காருங்கள். காட்டுக்குள் போக வனத்துறை அனுமதி இப்போது வேண்டும் என்கிறார்கள், விசாரித்துக்கொள்ளுங்கள். குடியிருப்புகளுக்குப் போனால் கேட்காமல் எதையும் தொடாதீர்கள், படம் எடுக்காதீர்கள். சுத்தம் செய்து ஒதுங்க வைக்கவும் வேண்டாம். உதவி செய்வதாக நினைத்துக்கூட வேண்டாம்.

சனிக்கிழமை பொம்மி சொன்னபடியே ஆட்களோடு வந்தாள். பதினாறு கோடும் சுவருக்குத் திரும்பி வந்தன. சன்னல் பக்கத்தில் அவள் எதுவும் வரையவில்லை, எதையும் மாட்டவும் விடவில்லை. வெள்ளையாகவே விட்டாள். ஞாயிறன்று வந்த நான்கு பேருக்கும் அந்தச் சுவர் பிடித்துப்போயிற்று. பெங்களூர்க் கண்காட்சி நடந்தது, அதன்பின் மைசூரிலும் நடந்தது. எல்லாவற்றையும் அமைத்தவள் அவள்தான். பத்திரிகைகளில் அவளைப் பற்றி எழுதினார்கள்.

ஆனால் அந்த ஞாயிறு என்னிடமிருந்து போகவில்லை. வந்தவர்களில் ஒரு பெண், நரைத்த முடியும் கதர்ப் புடவையுமாக, சன்னல் பக்கம் நின்று கன்னடத்தில் கேட்டார், இந்த இடம் மட்டும் ஏன் காலி என்று. பொம்மி என்னைக் கைகாட்டினாள். "அக்கா சொல்லும்." சொன்னேன். மாதன், கயிறு, கரி, என் சுண்ணாம்பு, எதையும் விடாமல். அந்தப் பெண் வெள்ளைச் சுவரைத் தடவிப் பார்த்தார். பிறகு, "அந்தக் கோடு எப்படி இருந்தது?" என்று கேட்டார்.

நான் பொம்மியைப் பார்த்தேன். அவளும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், எனக்குத் தெரியும் என்ற நம்பிக்கையோடு. "கடைசியாப் பாத்தது நீதானேக்கா. கயித்தோட மொதல் சுத்து எந்தப் பக்கமா வளஞ்சுது? எனக்கு ஒரு நேரம் ஒரு மாதிரி ஞாபகம் வருது. நீ சொல்லு."

எனக்குத் தெரியவில்லை. மட்டையை வைக்கும்போது நான் அதைப் பார்க்கவே இல்லை.