சொட்டாத ஓட்டை

மகனுடைய லொறி காலையில் ஸ்டார்ட் ஆகும் வேகம் எனக்குக் கொஞ்சமும் பிடிப்பதில்லை. சாவியைத் திருப்புகிறான், உறுமுகிறது, போய்விடுகிறான். எங்கள் பழைய லொறி ஸ்டார்ட் ஆவதற்குள் நான் ஓர் 'அருள் நிறைந்த மரியே' முழுசாகச் சொல்லி முடிப்பேன், சில நாள் இரண்டாவதையும் தொடங்க வேண்டி வரும். இப்போது 'அருள்' என்று வாயெடுப்பதற்குள் பையன் யட்டவத்த ரோட்டு வளைவைத் தாண்டிவிடுகிறான். மாதாவுக்கும் எனக்கும் இருந்த காலைப் பழக்கம் இப்படித்தான் குறைந்துபோனது.

அவன் போன பிறகு டீசல் வாசம் முற்றத்தில் கொஞ்ச நேரம் நிற்கும். மற்றவர்கள் மூக்கைப் பொத்துவார்கள். நான் துடைப்பத்தோடு வெளியே வந்து நின்றுகொள்வேன். கல்யாணமான முதல் வருஷம் என் வீட்டுக்காரரின் சட்டை, தலையணை எல்லாம் அந்த வாசம்தான்.

எங்கள் பழைய லொறி என்னைவிட மூன்று வயது மூத்தது. எங்கள் மேட்டுப் பக்கத்தில் அப்போது யாரும் வண்டியைச் சமதரையில் நிறுத்த மாட்டார்கள். பள்ளமாக இறங்கும் சரிவு தேடி, முகம் கீழே பார்க்க நிறுத்தி, முன் சில்லுக்கு ஒரு கல் வைப்பார்கள். காலையில் கல்லை எடுத்தால் வண்டி தானாக உருளும், கியரைப் போட்டால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். எங்கள் வீட்டில் கல்லெடுப்பது என் வேலை. பள்ளம் முடிகிற இடத்தில் மதகுச் சுவர் இருந்தது. அதனால்தான் அந்த ஜெபம்.

பள்ளத்தில் அது ஒரு நாளும் அவரைக் கைவிட்டதில்லை. நாவுலைக்கு மரக்கறி ஏற்றப் போய் ஓர் இரவு சமதரையில் நின்றால் மட்டும் மறுநாள் கிர்... கிர்... என்று இழுத்து, பெட்டரி செத்துப்போகும் வரை எழும்பாது. பெட்டரியைக் குறை சொல்லிப் புதுசு போட்டார். அதுவும் செத்தது. மாத்தளையில் எங்கள் வண்டி பார்க்கும் மெக்கானிக் பாஸ், தன் கராஜில் எஞ்சினுக்குக் கீழே பெட்டி அட்டை விரித்து ஓர் இரவு முழுக்க விட்டுப் பார்த்தார். காலையில் அட்டை காய்ந்து கிடந்தது.

"ஒரு சொட்டு டீசல் இல்ல. பைப்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. எஞ்சின் வயசு போயிருச்சு, முழுசா கழட்டணும்" என்றார்.

கழட்டிச் செய்ய எங்களுக்கு வசதி இல்லை. என் வீட்டுக்காரர் லொறியை விற்றுவிட்டு அரபு நாட்டுக்கு டிரைவர் வேலைக்குப் போவதாக முடிவு செய்துவிட்டார். பாஸ்போட்டும் வந்துவிட்டது. மகன் அப்போது என் வயிற்றில் ஐந்து மாதம். போகாதீங்க என்று நான் சொல்லவில்லை. சொல்லிவிட்டு லொறியை நானா இழுப்பேன்? பாத்திரங்களைக் கொஞ்சம் பலமாகக் கழுவினேன், அவ்வளவுதான்.

வில்கமுவவில் என் அக்கா வாழ்க்கைப்பட்டிருந்தாள். அங்கே ஒரு சிங்கள நெல் முதலாளி லொறியைப் பார்க்கிறேன் என்று சொல்லி அனுப்பியிருந்தார். வயிற்றுப் பிள்ளையோடு நானும் கிளம்பினேன். அக்காவைப் பார்க்க என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில் அவரோடு அந்த லொறியில் போகும் கடைசிப் பயணம் என்று நினைத்துத்தான் போனேன்.

வில்கமுவ முழுக்க வயல். தேடினாலும் ஒரு பள்ளம் கிடைக்காது. அக்கா வீட்டு முற்றத்தில் இரவு நின்ற லொறி, காலையில் முதலாளி வந்து நின்றதும் தன் குணத்தைக் காட்டியது. கிர்... கிர்... முதலாளி நல்ல மனுஷன். லொறிக்கு இன்னும் தூக்கம் தெளியவில்லை போலிருக்கிறது என்று சிங்களத்தில் சொல்லிச் சிரித்துவிட்டுப் போனார். என் வீட்டுக்காரருக்குச் சிரிக்க முடியவில்லை.

அவர் எஞ்சினைத் திறந்து, பம்பில் ஒரு ஸ்க்ரூவைத் தளர்த்தி, காற்றெடுக்கக் கையால் பம்ப் அடித்தார். ஸ்க்ரூ வழியாக டீசல் நுரைநுரையாகத் துப்பியது. அந்த நுரையைப் பார்த்ததும் எனக்குச் சுரீர் என்றது. அது எனக்குப் பழகிய நுரை.

எங்கள் வீட்டுக்குத் தண்ணீர் அப்போது மேலே மலை ஊற்று விழும் பீலியிலிருந்து ரப்பர் பைப்பில்தான் வரும். நடுவே ஒரு சின்ன மேட்டில் பைப் ஏறி இறங்கும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தப் பைப்போடு எனக்குச் சண்டை. தண்ணீர் நுரைத்து நுரைத்து வரும், பிறகு நின்றுவிடும். நுனியை வாயில் வைத்து உறிஞ்சி மறுபடி வர வைப்பேன். எத்தனை பாசி விழுங்கினேனோ தெரியாது. ஈரமான இடத்தையெல்லாம் தேடிக் கட்டினேன். கடைசியில் பார்த்தால் ஓட்டை மேட்டின் உச்சியில், காய்ந்த இடத்தில் இருந்தது. அது தண்ணீரை வெளியே விடவே இல்லை. காற்றை உள்ளே இழுத்தது.

"இந்தாங்க, இது நம்ம பீலி பைப்பு மாதிரி காத்து இழுக்குதுங்க" என்றேன்.

"சொட்டவே இல்லயே புள்ள. பாஸே பாத்தாரு."

"அந்தப் பைப்பு மட்டும் சொட்டுச்சா? நம்ம வூட்டுல வண்டி மூஞ்சி கீழ பாத்து நிக்குது. டேங்க் மேல, எஞ்சின் கீழ. டீசல் முன்னுக்கே நின்னுரும். இங்க ராத்திரியெல்லாம் காத்து பூந்து டீசல் டேங்குக்கே திரும்பிப் போயிருது."

அவர் பம்பை விட்டுவிட்டு லொறிக்கு அடியில் நுழைந்தார். டேங்கிலிருந்து வரும் இரும்புக் குழாயைப் பம்போடு சேர்க்க நாலு விரல் நீளத்தில் ஒரு ரப்பர் துண்டு இருந்தது. அதில் மட்டும் புழுதி கறுப்பாக அப்பியிருந்தது. துடைத்துவிட்டு வளைத்தால் பித்தவெடிப்பு மாதிரி பொடிப்பொடி வெடிப்பு. அக்காவின் பழைய சைக்கிள் டியூபை நாடாவாக வெட்டி, இழுத்து இழுத்துச் சுற்றினோம். முடிச்சு என்னுடையது. பீலிப் பைப்பில் போட்ட அதே முடிச்சு.

பிறகு காற்றெடுத்து, ஆள் பிடித்துத் தள்ளி ஸ்டார்ட் செய்து, எஞ்சினைப் பகல் முழுக்க ஓடவிட்டு, பெட்டரிக்கு உயிர் வர வைத்தோம். முதலாளியிடம் நாளைக் காலை ஒருமுறை வந்து பார்க்கச் சொல்லி அனுப்பினோம்.

மறுநாள் முதலாளி வந்தார். லொறி இரவு முழுக்க அதே சமதரையில் நின்றிருந்தது. என் வீட்டுக்காரர் ஏறி உட்கார்ந்தார். நான் கண்ணை மூடி 'அருள்' என்றேன். மேலே சொல்ல விடாமல் உறுமிவிட்டது லொறி.

முதலாளி லொறியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, சரி, நான் எடுக்கிறேன் என்றார். என் வீட்டுக்காரர் கையைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார். "விக்குணன்னே நே, முதலாளி" என்றார். விற்கப் போவதில்லை என்று. நான் அடுப்படிக்குப் போய் அழுதுவிட்டு வந்து எல்லாருக்கும் தேத்தண்ணி ஊற்றினேன்.

மாத்தளையில் பாஸ் புது ரப்பர் போட்டுத் தந்தார். எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்டதற்கு, என் வீட்டுக்காரர் கராஜில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்க, "என் சம்சாரம் கண்டுபுடிச்சது" என்றாராம். அன்றிலிருந்து அங்கே எனக்கு 'பாஸ் நோனா', அதாவது மெக்கானிக் அம்மா, என்று பெயர். பெருமைப்படக் கூடாது என்று கோயிலில் ஃபாதர் சொல்லுவார். மற்ற விஷயங்களில் அடக்கமாகத்தான் இருக்கிறேன்.

அந்த லொறி மேலும் பதினோரு வருஷம் ஓடி, துண்டு துண்டாகப் பழைய இரும்புக்குப் போய்விட்டது. பீலிப் பைப் போய்க் குழாய்த் தண்ணீர் வந்தது. மகன் தன் லொறிக்காகப் பள்ளத்தை மண் போட்டு நிரப்பி சமதரையாகக் கொங்கிரீட் போட்டுவிட்டான். என் கல்லும் அதற்குள் எங்கோ கிடக்கிறது. என்னை 'பாஸ் நோனா' என்று கூப்பிட இப்போது கராஜில் யாரும் இல்லை.

போன வாரம் அலுமாரியில் ஏதோ தேடியபோது அவருடைய பாஸ்போட் கையில் வந்தது. காலாவதியாகி எத்தனையோ வருஷம். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை புரட்டினேன். ஒரு முத்திரை இல்லை. அவர் முற்றத்தில் உட்கார்ந்து தேத்தண்ணியை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார்.