சைரனை அழித்த ஏலக்காய்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஓர் ஆடி மாதக் காலை. போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில் லேப்டாப்பும் புரொஜெக்டருமாக ஜீப்பிலிருந்து இறங்கினேன். நான் போடியில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருப்பவன். கல்யாண ஸ்லைடுகளில் மாப்பிள்ளையைப் பம்பரமாகச் சுற்றவிட்டு, பெண் தலையில் பூவைக் கொட்ட வைப்பது என் கைவரிசை. அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

வடக்கேயிருந்து காய் எடுக்கப் புதிதாக வந்த பெண்களுக்குத் தமிழ் தெரியாது. எதைப் பறிக்கலாம், எதை விட வேண்டும் என்பதைப் படத்திலேயே சொல்லித்தரத் தோட்டத்தார் கேட்டிருந்தார்கள். ஒரு வாரம் உட்கார்ந்து செய்தேன். லேப்டாப்பின் தொடுதிரையில் ஏலச்செடி; புரொஜெக்டர் அதையே சுவரில் பெரிதாகக் காட்டும். முற்றிய காயைத் தொட்டால் மணியடித்துக் கூடையில் விழும். பிஞ்சைத் தொட்டால் திரை சிவந்து சைரன் அலறும்.

முதலில் ஒரு பெண்ணை அழைத்தார்கள். மூன்று நாளாக அவள் பிஞ்சையும் சேர்த்தே பறித்திருக்கிறாள். அன்றும் அப்படிச் செய்தால் களை வெட்டுகிற கூட்டத்துக்கு மாற்றிவிடுவதாகச் சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். கூட வந்தவர்களைப் பிரிய வேண்டுமே என்று அவள் முகம் வாடிக் கிடந்தது.

தொட்டாள். சைரன். மறுபடி தொட்டாள். மறுபடியும் சைரன். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். நானும்தான், சொல்ல வெட்கமாக இருக்கிறது. அவள் கையைத் துப்பட்டாவுக்குள் சுருட்டிக்கொண்டாள்.

பல வருடமாக அங்கே காய் எடுக்கிற ஒரு பெண், என்னைவிடப் பத்து வயதாவது இளையவள், எழுந்து வந்தாள்.

“அண்ணே, மொதல்ல அந்தச் சத்தத்த நிப்பாட்டுங்க. தப்புன்னு கத்துதே ஒழிய, ஏன் தப்புன்னு சொல்லலையே!”

மடியிலிருந்து இரண்டு காய்களை எடுத்தாள். என் கண்ணுக்கு இரண்டும் ஒரே பச்சை. நகத்தால் பிளந்தாள். ஒன்றில் விதை வெள்ளை, மற்றதில் கறுப்பு.

“பிஞ்சத் தொட்டா இந்த மாதிரி பொளந்து காட்டட்டும். வெள்ளையப் பாத்தா அவளே வெளங்கிக்கிருவா. வெரசா மாத்துங்கண்ணே, சோலி கெடக்கு.”

இருபது வருடமாக எஃபெக்ட் போடுகிற எனக்கு இது தோன்றவில்லையே என்று அசந்துபோனேன். அவள் ஒவ்வொன்றாகப் பிளந்து தர, செல்போனில் படமெடுத்து அங்கேயே சேர்த்தேன். சைரனை அழித்தேன்.

அவளே அந்தப் புதிதாக வந்த பெண்ணின் கையைப் பிடித்துத் திரைக்கு இழுத்து வந்தாள். தொட்டதும் காய் பிளந்து வெள்ளை விதை தெரிந்தது. அந்தப் பெண் குனிந்து, பிளந்த காயையும் பிளக்காததையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். பிறகு அவள் தொட்டவை பெரும்பாலும் கூடையில்தான் விழுந்தன.

மற்ற கூட்டங்களுக்கும் போட்டுக் காட்டிவிட்டுச் சாயங்காலம் ஜீப்பில் ஏறும்போது, காலையில் சைரனுக்குக் கையைச் சுருட்டிக்கொண்ட அந்தப் பெண் ஓடி வந்தாள். தான் பறித்த காய் ஒன்றை என் முன்னால் நகத்தால் பிளந்தாள். உள்ளே கறுகறுவென்று விதை. “நாளைக்கும் இது காய் எடுக்கத்தேன் போகுது” என்றார் சூப்பர்வைசர்.

இப்போதும் என்னிடம் கம்ப்யூட்டர் படிக்க வருகிறவர்கள் தாங்கள் செய்யும் கேள்வி-பதில் ஸ்லைடுகளில் தவறான விடைக்குச் சிவப்புக் குறியும் சத்தமும் வைத்தால், துப்பட்டாவுக்குள் சுருண்ட அந்தக் கைதான் நினைவுக்கு வருகிறது. “அதை எடுத்துவிட்டு, காயைப் பிளந்து காட்டுங்கள்” என்கிறேன்.